தபாலில் வந்த சர்வகலாசாலை

கலாசாலையில் மாணவராக அமராமலே பட்டம் பெற்ற ஒருவர், பிற்காலத்தில் ஒரு சர்வகலாசாலைக்கே தலைமை வகிக்கும் பேறு பெறுவது எளிதில் நிகழும் காரியமன்று. அவ்வாறு நிகழுமாயின், வாயிலுக்கு வெளியே நிற்பவர்களை அவர் மறவாதிருந்தாரா என்பதே அவருடைய பெருமைக்கு உரைகல்லாகும். டாக்டர் மு. வரதராசனாரின் வாழ்க்கையை அந்த உரைகல்லில் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். அவர் துணைவேந்தராயிருந்த மதுரை சர்வகலாசாலையின் எல்லைக்குள் அடங்கியிருந்தது திண்டுக்கல் நகரமும் அதைச் சூழ்ந்த சமவெளியும். ஆகவே இது அவ்வட்டாரத்தாருக்கு வீட்டுச் செய்தியே ஆகும்.

வரதராசனார் 1912 ஏப்ரல் 25ந் தேதி பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் திருவேங்கடம். வட ஆற்காடு ஜில்லா வாலாஜாப்பேட்டைக்கு அருகிலுள்ள வேலம் என்னும் கிராமத்தில் அவருடைய இளமை கழிந்தது. 1928இல் ஹைஸ்கூல் படிப்பை முடித்ததும் திருப்பத்தூர் தாலூகா கச்சேரியில் குமாஸ்தாவாக அமர்ந்தார். தேக அசௌக்கியம் அவரை அந்த உத்தியோகத்தினின்றும் விலக்கிக் கிராமத்துக்கே அனுப்பியது. பிறர் இதைத் துரதிர்ஷ்டம் என்றிருப்பர். அவரோ முருகைய முதலியார் என்னும் ஆசிரியரிடம் தமிழ் கற்கத் தொடங்கினார். எஞ்சியதைத் தாமே புத்தகங்களோடு போராடிக் கற்றார். 1935இல் வித்துவான் பரீட்சை எழுதி ராஜதானியிலேயே முதல்வராகத் தேறினார். திருப்பனந்தாள் மடத்தின் 1,000 ரூபாய்ப் பரிசும் அவரை அடைந்தது.

திருப்பத்தூரில் தமிழாசிரியராகப் பணி புரிந்துகொண்டே அவர் மேலும் படித்தார். 1939இல் பி.ஓ.எல். பட்டம் பெற்றார்; அவ்வாண்டே சென்னை பச்சையப்பன் கலாசாலை அவரை ஆசிரியராக ஏற்றது. 1944இல் எம்.ஓ.எல். பட்டமும், 1948இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆராய்ச்சிக்காக டாக்டர் பட்டமும் கிடைத்தன. சென்னை சர்வகலாசாலையில் தமிழுக்காக டாக்டர் பட்டம் பெற்றவர்களில் அவரே முதல்வர். பகலில் உத்தியோகமும் இரவில் படிப்புமாக முன்னேறிய மனிதர் அவர். சந்தேகம் எழும்போது கேட்க ஆசிரியர் அருகில் இல்லாத துன்பத்தை அவர் பிறர் சொல்லக் கேட்டு அறிந்தவரல்லர்.

அந்த அநுபவம் அவருடைய எழுத்தில் பயன் தந்தது. திருக்குறளுக்கு அவர் எழுதிய தெளிவுரை, கையில் அடங்கும் சிறு புத்தகம். உரையாசிரியர்களின் வாதங்களுக்குள் புகாமல், ஒவ்வொரு குறளுக்கும் எளிய வசனத்தில் பொருள் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஆசிரியரின் துணையின்றி ஒருவன் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து குறளைப் படிக்கலாம் என்னும் துணிவை அது தமிழருக்கு அளித்தது. அதன் பதிப்புக்கள் நூற்றுக்கு மேற்பட்டன. அன்னைக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் நண்பருக்கும் எழுதும் கடிதங்களாகவும் அவர் நூல்கள் இயற்றினார். எதிரில் இல்லாத ஒருவரை எதிரில் இருப்பவராகவே எண்ணி, படிப்படியாக விஷயத்தை விளக்கும் கலை அது. 1961இல் 'அகல் விளக்கு' என்னும் நாவலுக்காக சாகித்திய அகாடமியின் பரிசு கிடைத்தது. அவ்வாண்டே சென்னை சர்வகலாசாலையின் தமிழ்த்துறைத் தலைமையை ஏற்றார்.

1971இல் அவர் மதுரை சர்வகலாசாலையின் துணைவேந்தரானார். 1966இல் பிறந்த அந்த ஸ்தாபனம் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய ஜில்லாக்களுக்கு உரியதாயிருந்தது. அவர் பதவியேற்ற அவ்வாண்டிலேயே அங்கே தபால் மூலக் கல்வி தொடங்கிற்று. கலாசாலைக்கு வராதவர்களுக்கும் பரீட்சை நடத்திப் பட்டம் அளிக்கும் வழக்கத்தை லண்டன் சர்வகலாசாலை 1858இலேயே மேற்கொண்டது. நம் தேசத்தில் டில்லி சர்வகலாசாலை 1962இல் தபால் மூலம் பாடம் அனுப்பத் தொடங்கிற்று. அண்ணாமலை சர்வகலாசாலை 1979இலும், சென்னை 1981இலும் இவ்வழியில் இறங்கின. அவற்றுக்கெல்லாம் முன்பே மதுரை துணிந்தது. அப்பெருமை ஒருவருக்கே உரியதென்று கூறுவது நியாயமன்று. பாடம் எழுதியவர், திருத்தியவர், அச்சிட்டவர், உறையில் இட்டவர் என்று பலர் உழைத்தனர். எனினும் அம்முயற்சியின் இளம் பருவத்தில், தாமே படித்து உயர்ந்த ஒருவர் தலைமையில் இருந்தது தென் ஜில்லாக்களின் நற்பேறாகும்.

இதனால் திண்டுக்கல் வட்டாரம் பெற்ற நன்மை யாது? 1985இல் தனி ஜில்லா ஆகும் வரையில் அது மதுரை ஜில்லாவின் ஒரு பகுதி. பூட்டுத் தொழிலும் தோல் பதனிடுதலும் சுருட்டும் நூல் ஆலையும் நகரத்தாரின் ஜீவனம். சின்னாளபட்டியில் தறி, நிலக்கோட்டையில் மல்லிகை, வேடசந்தூரில் புகையிலை, ஒட்டன்சத்திரத்தில் காய்கறிச் சந்தை. இங்கே உழைப்பவர்கள் தொழிலை விட்டுவிட்டு சுமார் 40 மைல் தூரத்திலுள்ள மதுரைக்குச் சென்று மூன்று வருஷம் தங்கிப் படிப்பது எங்ஙனம்? நகரத்திலேயே கலாசாலைகள் 1960களில் தோன்றின என்பது மெய்; காந்திகிராமத்தில் 1956 முதல் கிராமியக் கல்வி ஸ்தாபனம் நடந்துவந்ததும் மெய். ஆனால் பகல் முழுதும் உழைத்தே தீரவேண்டிய ஆரம்பப்பள்ளி ஆசிரியருக்கும், ஆலைக் குமாஸ்தாவுக்கும், மணமாகி வீட்டுக் காரியம் பார்க்கும் பெண்ணுக்கும் பகற்பொழுதுக் கலாசாலை தூரத்து மலையே. அவர்களுடைய கதவைத் தட்டி சர்வகலாசாலையைக் கொடுத்தவன் தபால்காரன்.

ஆனால் தபாற்பெட்டி மட்டும் கல்வி ஆகிவிடாது. வகுப்பறைப் பாடத்தை அச்சிட்டு அனுப்பினால் அது காகிதச் சுமையேயாகும். பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் மாணவன் இதில் அறியவேண்டியது யாது என்பதைச் சொல்லவேண்டும். எங்கே அவன் தடுமாறுவான் என்பதை எழுதுவோர் முன்கூட்டியே ஊகித்து, அங்கே ஓர் உதாரணத்தை வைக்கவேண்டும். முடிவில் வினாக்கள் தரவேண்டும். அவன் எழுதி அனுப்பும் விடைகளைத் திருத்திக் காலத்தில் திருப்பவேண்டும். விடுமுறை நாட்களில் நேர்முக வகுப்புக்கள் நடத்தவேண்டும். பரீட்சைத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எழுத இத்தனை மாதம், அச்சுக்கு இத்தனை, தபாலுக்கு இத்தனை என்று வகுக்கவேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், பரீட்சைக்குப் பின் வந்து சேரும் பாடத்தால் பயன் யாருக்கு? இக்காலத்து விதிகள், மாணவன் குறைந்தது 30 மணி நேரம் உழைக்கும் படிப்பை ஒரு 'கிரெடிட்' என்று கணக்கிடுகின்றன. உழைத்துக் களைத்து வந்தவனின் 30 மணி நேரம் எத்தகையது என்பதை, அவ்வாறே படித்தவர் நன்கு அறிவார்.

தபால் மூலம் பெற்ற பட்டத்தை இரண்டாந்தரம் என்று இகழ்வோர் உண்டு. அங்கீகாரம் பெற்ற தொலைதூரக் கல்விப் பட்டமும் கலாசாலைப் பட்டமும் சமமே என்று 2022இல் சர்வகலாசாலை மானியக் குழு அறிவித்தது. சட்டம் சமத்துவத்தைக் காகிதத்தில் எழுதலாம். அதை மெய்யாக்க வேண்டியது பாடமே. கட்டணத்தை வாங்கிக்கொண்டு கவனமற்ற பாடத்தை அனுப்பும் ஸ்தாபனம், ஏழையின் நம்பிக்கையை விலைக்கு விற்கிறது. மாணவர் தொகையைக் காட்டிப் பெருமை பேசுவதினும், சேர்ந்தோரில் எத்தனை பேர் தேறினர் என்று கேட்பதே பொது ஜனங்களின் கடமை. 1985இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்த சர்வகலாசாலையையும், 2002இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலை சர்வகலாசாலையையும் இக்கேள்வியைக் கொண்டே அளக்கவேண்டும். தபால்காரன் சுமந்த பாடம் இன்று கைப்பேசியில் வருவதால் அந்தக் கடமை குறைந்துவிடவில்லை.

வரதராசனார் பதவியிலிருக்கும்போதே 1974 அக்டோபர் 10ந் தேதி காலமானார். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவர் பெயரால் விழா எடுப்பது நன்றே. ஆயினும் வேடசந்தூரிலோ நத்தத்திலோ இரவு விளக்கின் முன் ஒருவன் தனியாகப் படிக்கிறான் என்பதை நினைவிற்கொண்டு, அவனுக்காக ஒரு பாடத்தைப் பிழையின்றி, தெளிவாக, தாய்மொழியில், உரிய காலத்தில் எழுதி அனுப்புவோமாயின், வேலத்துக் கிராமத்தில் தனித்துப் படித்த அந்த இளைஞனுக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே ஆகும்.