மருத்துவர் மேரி வர்கீஸ்

பெங்களூருவிலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் காட்பாடிச் சந்திப்பு உள்ளது. அதனை அடுத்து அமைந்த நகரம் வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் நடக்கும் ஆற்றலை இழந்து, அதே வளாகத்தில் தம்மைப் போன்றோர்க்கு வழி அமைத்துத் தந்தவர் மருத்துவர் மேரி வர்கீஸ்.

கல்வியும் விபத்தும்

மேரி 1925ஆம் ஆண்டு கேரளத்தில், கொச்சிக்கு அருகில் பிறந்தார். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், மருத்துவம் கற்பதற்காகத் தமிழ் வழங்கும் வேலூருக்கு வந்தார். பட்டம் பெற்று அங்கேயே இளம் மருத்துவராகப் பணியாற்றினார்.

1954ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், உடன் பணிபுரிவோருடன் உலாச் சென்றபோது அவர்கள் சென்ற ஊர்தி விபத்துக்குள்ளானது. மேரியின் முகம் சிதைந்தது. தண்டுவடம் பாதிக்கப்பட்டதால் இரு கால்களும் உணர்விழந்தன. நோயாளிகளைத் தேடி நடந்த மருத்துவர், தாமே நோயாளியாகிப் படுக்கையில் கிடந்தார். இனி மருத்துவராக வாழ இயலுமா என்னும் ஐயம் அவரை வாட்டியது.

அமர்ந்தபடி அறுவைச் சிகிச்சை

அக்காலத்தில் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிய விரல்களைச் சீராக்கும் சிகிச்சையை வேலூரில் செய்துவந்தார். கைகளுக்கான அறுவைச் சிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாம். ஆதலால், அப்பணியை மேற்கொள்ளுமாறு அவர் மேரியை ஊக்குவித்தார். மேரி சக்கர நாற்காலியில் அறுவை அரங்கினுள் நுழைந்தார். பிறர் தொடவும் அஞ்சிய கைகளைத் தம் கைகளால் திருத்தினார். நடக்க இயலாத ஒருவர் தமக்கு மருத்துவம் செய்வதைக் கண்ட நோயாளிகள் தாமும் நம்பிக்கை பெற்றனர்.

கற்றதைப் பிறர்க்கு அளித்தல்

பின்னர் மேரி, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், பிறர் உதவியின்றி உடுத்துதல் முதலியவற்றை அங்குப் பயின்றார். தாம் பெற்ற பயிற்சி தம் நாட்டு மக்களுக்கும் கிடைக்கவேண்டும் என உறுதிகொண்டார். நியூயார்க் சென்று, ஹோவர்ட் ரஸ்க் என்னும் அறிஞரின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் கற்றார்.

தாயகம் திரும்பியதும், 1963ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். 1966ஆம் ஆண்டு பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உயிரைக் காப்பதோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை; காக்கப்பட்டவர் வீடு திரும்பி உழைத்து வாழவும் வழிசெய்ய வேண்டும். இதுவே மேரியின் பணி உணர்த்திய நெறி. இந்திய அரசு 1972ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

மாணவர் கடமை

1962ஆம் ஆண்டு, எட் ராபர்ட்ஸ் என்னும் இளைஞர் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழ் அசைவிழந்தவர் அவர். அவரும் அவரைப் போன்ற மாணவர்களும் ஒன்றுகூடித் தம் தேவைகளை எடுத்துரைத்தனர். அவர்தம் முயற்சியால் கல்வி வளாகத்தில் அத்தகைய மாணவர்க்கென உதவித் திட்டம் உருவாயிற்று. நகர நடைபாதைகளிலும் சாய்வு வழிகள் அமைந்தன.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கல்வி நிலையங்கள் அனைவரும் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என வலியுறுத்துகின்றது. பெங்களூருவின் மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கிகளும், பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடக்கும் புடைப்புத் தளங்களும் உள்ளன. எனினும், பள்ளி நூலகத்தின் வாயிலில் மூன்று படிகள் மட்டுமே இருப்பின், சக்கர நாற்காலியில் வரும் மாணவர்க்கு அந்நூலகம் பூட்டிய அறையே ஆகும். அத்தடையை நாள்தோறும் காண்போர் உடன் பயிலும் மாணவர்களே. அதனைத் தலைமையாசிரியரிடம் எடுத்துரைத்துச் சாய்தளம் வேண்டுதல் அவர்தம் கடமையாகும். மேரிக்கு அன்று அறுவை அரங்கின் கதவு திறந்தது. அவ்வாறே, ஒவ்வொருவர்க்கும் கல்விக்கூடத்தின் கதவு திறத்தல் வேண்டும்.