களிமண் குழம்பில் கோலம்!

பிறந்த நாள் கேக்கின் மேல் பெயர் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். கூம்பை அழுத்த அழுத்த, கிரீம் நூல் போல இறங்கும். மண்பாண்டத்தின் மேலும் இப்படிக் கோலம் போடலாம். கிரீமுக்குப் பதில், தண்ணீரில் கரைத்து வடிகட்டிய களிமண் குழம்பு! இங்கிலாந்தில் மறைந்து கொண்டிருந்த இந்தக் கலைக்கு மீண்டும் உயிர் கொடுத்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் கார்டியூ.

இவர் 1901-ல் லண்டனை அடுத்த விம்பிள்டனில் பிறந்தார். விடுமுறை வந்தால் குடும்பத்துடன் டெவன் கடற்கரைக்குப் போவார். அங்கே ஃபிரெமிங்டன் என்ற ஊரில் எட்வின் பீர் ஃபிஷ்லி என்ற முதிய குயவர் இருந்தார். அவர் செய்த பாண்டங்களைக் கார்டியூவின் தந்தை ஆசையோடு வாங்கிச் சேர்த்தார். அவற்றைப் பார்த்தே வளர்ந்தான் சிறுவன் மைக்கேல். ஆனால், அவன் பெரியவனாகும் முன்பே அந்த முதியவர் இறந்துவிட்டார். தொழிற்சாலைப் பாத்திரங்கள் மலிவாகக் கிடைத்ததால், ஊர்ப்புறச் சூளைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன.

இனி இதையெல்லாம் யார் செய்வார்கள் என்ற கவலை மைக்கேலை விடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கமும் லத்தீனும் படித்தபோதே, ஃபிஷ்லியின் பேரனிடம் சக்கரத்தில் வனையக் கற்றார். 1923-ல் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பெர்னார்ட் லீச் என்ற புகழ்பெற்ற கலைஞரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

1926-ல் வின்ச்கோம்ப் ஊருக்கு அருகே, மூடிக்கிடந்த ஒரு பழைய சூளையை வாடகைக்கு எடுத்தார். அங்கே முன்பு வேலை செய்த எலைஜா கம்ஃபர்ட் என்ற முதியவரைத் தேடிப் பிடித்து மீண்டும் சக்கரத்தில் உட்கார வைத்தார். பட்டம் பெற்ற கார்டியூ, அந்த முதியவரின் கைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். தொடக்கத்தில் சூளை வைத்தபோது பல பாண்டங்கள் வீணாயின. அவர் மனம் தளரவில்லை.

கோலமிடுவது எப்படித் தெரியுமா? வனைந்த பாண்டம் பாதி காய்ந்து, தோல் போல இறுகியதும் ஒரு நிறக் குழம்பை அதன் மேல் ஊற்றிப் பரப்புவார்கள். பிறகு மெல்லிய குழாய் முனை வழியே வேறு நிறக் குழம்பைக் கோடாக விடுவார்கள். கை தயங்கினால் குழம்பு ஓரிடத்தில் தேங்கும். அவசரப்பட்டால் கோடு அறுந்துபோகும். போட்ட கோட்டை அழித்துத் திருத்துவதும் கடினம். மெருகு பூசிச் சுட்டால் வெள்ளைக் கோடு தேன் நிறத்தில் மின்னும். அக்கால மெருகில் காரீயம் இருந்தது. அது நஞ்சு என்பதால், உணவுப் பாத்திரங்களில் இன்று அதைத் தவிர்க்கிறார்கள்.

இப்பாண்டங்களைக் காட்சிப் பொருளாக வைக்கக் கார்டியூ விரும்பவில்லை. எளிய மக்கள் அன்றாடம் சமைக்கவும் பரிமாறவும் பயன்பட வேண்டும் என்பதே அவர் ஆசை. 1939-ல் அந்தச் சூளையைத் தம் மாணவர் ரே ஃபின்ச்சிடம் ஒப்படைத்தார்.

1942-ல் ஆப்பிரிக்காவுக்குப் போனார். இன்றைய கானாவில் அவர் பொறுப்பேற்ற மண்பாண்டத் தொழிற்கூடம் 1945-ல் மூடப்பட்டது. அந்தத் தோல்விக்குப் பிறகும், 1951-ல் நைஜீரியாவில் அரசுப் பணி ஏற்றார். அப்போது அபுஜா எனப்பட்ட சுலேஜா ஊரில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார்.

1954-ல் லாடி குவாலி என்ற பெண் அங்கே சேர்ந்தார். சக்கரமே இல்லாமல் கையால் பெரிய பானை செய்து, அதில் பல்லி, மீன், பறவை உருவங்களைக் கீறுவதில் அவர் வல்லவர். அவருடைய பழைய முறையைக் கார்டியூ மாற்றச் சொல்லவில்லை. கீறிய கோடுகளில் வெளிர்நிறக் களிமண் குழம்பை நிரப்பி, மெருகிட்டுச் சுட்டார்கள். அந்தப் பானைகள் உலகப் புகழ் பெற்றன. பின்னாளில் லாடி குவாலியின் படம் நைஜீரியாவின் 20 நைரா நோட்டிலும் இடம்பெற்றது!

கார்டியூ 1983-ல் மறைந்தார். படித்தவர் என்ற கர்வம் இல்லாமல் முதிய தொழிலாளியிடம் கற்றார். கிராமத்துப் பெண்ணின் திறமையை மதித்தார். அதனால்தான் அழியவிருந்த கலை பிழைத்தது. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்கும் ஏதாவது ஒரு கைவேலை தெரிந்திருக்கும். இந்த விடுமுறையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொள்வீர்களா, குழந்தைகளே?