மருந்தும் மந்திரமும்: சிரம்பானில் வாழ்ந்த ஒரு மருத்துவர்

தேர்வு நெருங்கினால் தூக்கம் கெடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, படித்தது எதுவும் நினைவில் நிற்பதில்லை. கடந்த பருவத்தில் என் நிலை இதுதான். மந்திரம் சொன்னால் போதும், மருத்துவரிடம் போக வேண்டாம் என்றார் பாட்டி. மந்திரமெல்லாம் மூடநம்பிக்கை என்றாள் அறைத்தோழி. இருவருக்கும் இடையே தவித்த எனக்கு வழிகாட்டியது சுவாமி சிவானந்தரின் வாழ்க்கை.

1887 செப்டம்பர் 8ஆம் நாள், திருநெல்வேலிக்கு அருகிலுள்ள பத்தமடையில் பிறந்தவர் குப்புசாமி. தஞ்சாவூரில் மருத்துவம் பயின்றார். 1909இல் 'அம்ப்ரோசியா' என்னும் மருத்துவ இதழைத் தொடங்கி நடத்தினார். 1913இல் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்.

சிரம்பான் பகுதியில் தோட்ட மருத்துவமனை ஒன்றிலும், பின்னர் ஜொகூர் பாருவிலும் பணியாற்றினார். பால்மரம் சீவ வந்த நம் மூதாதையரை மலேரியா வாட்டிய காலம் அது. ஏழை நோயாளிகளுக்கு மருந்தோடு செலவுக்குப் பணமும் கொடுத்தனுப்பினார் என்கிறது அவர் வரலாறு. கைநிறைய வருமானம் இருந்தும், உடல் நோயைத் தீர்த்தாலும் மனத்தின் துன்பம் தீரவில்லையே என்ற கேள்வி அவரைக் குடைந்தது. 1923இல் வேலையைத் துறந்து இந்தியா திரும்பினார். 1924 ஜூன் 1ஆம் நாள் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சிவானந்தர் ஆனார்.

இங்கேதான் அவர் வாழ்க்கை என்னை வியக்க வைத்தது. துறவியான பிறகும் அவர் மருத்துவத்தைக் கைவிடவில்லை! 1927இல் லட்சுமண ஜூலாவில் இலவச மருந்தகம் ஒன்றைத் தொடங்கி, யாத்திரிகர்களுக்கும் துறவிகளுக்கும் சிகிச்சை அளித்தார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். அதன் மலேசிய ஆசிரமம் பத்துமலையில் உள்ளது.

மந்திர ஜெபத்தை அவர் ஒரு பயிற்சியாகவே கற்பித்தார். வாய்விட்டுச் சொல்லலாம்; உதடு மட்டும் அசையச் சொல்லலாம்; மனத்திற்குள்ளும் சொல்லலாம். மனம் அலைந்தால் மீண்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 108 மணிகள் கொண்ட மாலையால் எண்ணலாம். நோட்டுப் புத்தகத்தில் மந்திரத்தை எழுதியும் வரலாம். ஓடும் மனத்திற்குப் பற்றிக்கொள்ள ஒன்றைக் கொடுப்பதே இதன் நுட்பம். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943 டிசம்பர் 3ஆம் நாள், உலக அமைதிக்காகத் தம் ஆசிரமத்தில் இடைவிடாத மகாமந்திர கீர்த்தனையையும் தொடங்கி வைத்தார். 1963 ஜூலை 14ஆம் நாள் மறைந்தார்.

அறிவியலும் இத்துறையைத் தொட்டிருக்கிறது. மந்திரம் ஓதும்போது மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு முறையாகக் குறைவதையும், அதனால் இதயத் துடிப்பின் ஒழுங்கு மேம்படுவதையும் இத்தாலிய ஆய்வாளர்கள் 2001இல் 23 பேரிடம் கண்டறிந்தனர். சிறிய ஆய்வுதான்; மந்திரம் மனநோயைத் தீர்க்கும் என்று அது சொல்லவில்லை.

நான் பல்கலைக்கழக ஆலோசகரைச் சென்று பார்த்தேன். இரவில் 108 முறை மந்திரமும் சொன்னேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையாக இல்லை. தூக்கம் மெல்லத் திரும்பியது. பாட்டிக்கும் மகிழ்ச்சி!

அன்பு நண்பர்களே, மனம் சோர்ந்தால் மந்திரம் சொல்லுங்கள். சோர்வு நீடித்தால் தயங்காமல் மருத்துவரையும் நாடுங்கள். துறவுக்கோலத்திலும் மருந்துப் பெட்டியை விடாத அந்தச் சிரம்பான் மருத்துவர் தம் வாழ்வால் காட்டிய பாதை அதுவே.