தன் இருதயத்திலேயே குழாய் விட்ட டாக்டர்!

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இருந்து கோரிமேட்டுக்கு அதிக தூரம் இல்லை. அங்குள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு, புற்று நோய் மருந்து ஏற்றிக் கொள்ளப் போய் வருகிறவர்கள் பலர். அவர்களில் சிலருடைய கையைப் பார்த்தாலே தெரியும். ஊசி குத்திய இடம் கறுத்து இருக்கும். நாள் ஆக ஆக, நரம்பு கிடைக்கவில்லை என்று நர்சு தேடிக் கொண்டே இருப்பார். (நரம்பு என்று நாம் சொல்லுவது உண்மையில் ரத்தக் குழாய்தான்.) மருந்தின் கடுமை, கையில் உள்ள மெல்லிய குழாயைப் புண்ணாக்கி விடுகிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. அதன் பெயர் போர்ட். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், நாணயம் போன்ற ஒரு சிறு டப்பியை ஆபரேஷன் செய்து வைத்து விடுகிறார்கள். டப்பியில் இருந்து ஒரு மெல்லிய குழாய், பெரிய ரத்தக் குழாய்க்குள் புகுந்து, இருதயத்தின் வாசல் வரை போகிறது. மருந்து ஏற்றும் நாளில், அந்த டப்பியில் ஊசியைக் குத்தினால் போதும். வாசலில் ரத்தம் ஆறாக ஓடுகிறது. மருந்து உடனே கலந்து விடும். கை தப்பித்தது!

இருதயம் வரை குழாயா? உயிர் போய் விடாதா?

ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் பயந்தார்கள். போகாது என்று காட்டியவர், வெர்னர் போர்ஸ்மான் என்ற ஜெர்மானியர்.

குதிரைப் படம்

போர்ஸ்மான் 1904-ம் ஆண்டு பெர்லினில் பிறந்தார். தகப்பனார் வக்கீல். முதல் உலகப் போரில் அவர் இறந்து போனார். தாயும் பாட்டியும் பையனை வளர்த்தார்கள்.

டாக்டருக்குப் படித்த போர்ஸ்மான், ஒரு புத்தகத்தில் ஒரு படத்தைப் பார்த்தார். குதிரையின் கழுத்து ரத்தக் குழாய் வழியாக, இருதயத்துக்குள் ஒரு குழாய் போகிறது. பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1861-ல் செய்த சோதனை அது. குதிரை சாகவில்லை.

குதிரைக்கு முடியுமானால் மனிதனுக்கு ஏன் முடியாது?

அந்த நாளில், நின்று போகும் இருதயத்துக்கு மருந்து கொடுக்க, மார்பிலே நீண்ட ஊசியைக் குத்துவார்கள். அது எங்கே கிழிக்கும் என்று சொல்ல முடியாது. கை வழியாகக் குழாய் விட்டால் அந்த ஆபத்து இல்லை என்று போர்ஸ்மான் நினைத்தார்.

1929-ல் அவர் எபர்ஸ்வால்டே என்ற சிறு ஊரின் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். பெரிய டாக்டரிடம் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை.

கட்டிப் போட்டார்!

கருவி அலமாரியின் சாவி, கெர்டா டிட்சன் என்ற நர்சிடம் இருந்தது. போர்ஸ்மான் அவரிடம் நைசாகப் பேசினார். அந்தப் பெண், தன் உடம்பிலேயே சோதனை செய்யச் சம்மதித்தார்! அவரை மேஜையில் படுக்க வைத்துக் கையையும் காலையும் கட்டினார் போர்ஸ்மான். ஆனால் வெட்டியது தன்னுடைய இடது கையை!

அது ஏமாற்று வேலைதான். ஆனாலும், ஆபத்தைத் தன் தலையிலே போட்டுக் கொண்டாரே!

மெல்லிய ரப்பர் குழாயை ரத்தக் குழாய்க்குள் தள்ளினார். நர்சை அவிழ்த்து விட்டார். குழாய் கையில் தொங்க, படி இறங்கி, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார்! நண்பர் ஒருவர் ஓடி வந்து குழாயைப் பிடுங்கப் பார்த்தார். போர்ஸ்மான் விடவில்லை. நர்சு கண்ணாடியைப் பிடித்துக் கொள்ள, அதிலே பார்த்துக் கொண்டே இன்னும் தள்ளினார். ஏறத்தாழ 65 செண்டி மீட்டர். குழாயின் நுனி இருதயத்துக்குள் நின்றது. போர்ஸ்மான் சாகவில்லை.

கிடைத்தது என்ன?

பாராட்டு அல்ல, ஏச்சுதான். பெர்லினில் பெரிய ஆஸ்பத்திரியிலும் அவரால் நிலைக்க முடியவில்லை. இருதயத்தை விட்டு, சிறுநீர் நோய் வைத்தியத்துக்குப் போய் விட்டார். 1932-ல் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அவருடைய வாழ்வில் அது ஒரு கறை. இரண்டாம் உலகப் போரில் ராணுவ டாக்டராக இருந்து, அமெரிக்கர்களிடம் கைதியானார். போருக்குப் பின் சில ஆண்டுகள் தொழில் செய்யத் தடை. மரம் வெட்டிப் பிழைத்தார்.

இதற்குள் நியூயார்க்கில் குர்னான், ரிச்சர்ட்ஸ் என்ற இரு டாக்டர்கள், அவர் காட்டிய வழியிலே இருதய நோய்களை ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். 1956-ல் மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. போர்ஸ்மான் அப்போது ஒரு சிற்றூரில் சிறுநீர் நோய் டாக்டர்! (அதே 1956-ல்தான் புதுச்சேரியில் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பிற்பாடு அதுவே ஜிப்மர் ஆயிற்று.)

போர்ஸ்மான் 1979-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி இருதய நோயால் இறந்தார். போர்ட் பரவியது அதற்குப் பிறகு, 1980-களில். அவர் அதைப் பார்க்கவில்லை. போர்ட் வைக்கும்போது, குழாயின் நுனி எங்கே நிற்கிறது என்று இன்றும் எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள்.