பரீட்சையில் தோற்றவர், ஓவிய மேதை ஆனார்!

நந்தலால் போஸ் 1882-ம் ஆண்டு பீகாரில் பிறந்தார். படிப்பதற்காகக் கல்கத்தா வந்தார்.

கல்லூரிப் படிப்பு ஏறவில்லை. பரீட்சையில் மீண்டும் மீண்டும் தோற்றார். பிறகு வணிகப் படிப்பில் சேர்ந்தார். அதிலும் மனம் ஒட்டவில்லை. படம் வரைவதில்தான் அவருக்கு உயிர்!

அப்போது அவருக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. படம் வரைந்தால் குடும்பம் நடக்குமா என்று வீட்டார் கவலைப்பட்டார்கள். கடைசியில் சம்மதித்தார்கள்.

1905-ம் ஆண்டு, அரசாங்க ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். குரு, அவனீந்திரநாத் தாகூர். மேல்நாட்டு ஓவியங்களைப் பார்த்து வரைந்த காலம் அது. குருவோ, நம் நாட்டுப் பழைய ஓவியங்களின் பக்கம் மாணவர்களைத் திருப்பினார்.

நந்தலால் தீட்டிய "சிவனும் சதியும்" ஓவியத்துக்கு 500 ரூபாய் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தில் ஊர் ஊராகச் சென்று பழங்காலக் கலைச் செல்வங்களைப் பார்த்தார். அஜந்தா குகைக்குச் சென்று, சுவர் ஓவியங்களைப் பார்த்து வரைந்தார். அதுவும் அவருக்கு ஒரு கல்லூரிதான்!

பின்னர் சாந்திநிகேதன் கலாபவனத்தின் தலைவரானார். இந்திய அரசியல் சட்டத்தின் மூலப் பிரதியை அவரும் மாணவர்களும் ஓவியங்களால் அழகு செய்தார்கள். 1954-ல் பத்மவிபூஷண் பட்டம் பெற்றார். 1966-ல் காலமானார்.

கல்லூரிப் பரீட்சையில் தோற்ற அவருக்கு, கல்கத்தா பல்கலைக்கழகமே டாக்டர் பட்டம் கொடுத்துக் கௌரவித்தது!