ஃபண்டிங் கிடைக்காமல் கப்பல் ஏறிய மாணவர்: ஆலன் டூரிங்கின் பிரின்ஸ்டன் ஆண்டுகள்

கம்ப்யூட்டர் சயின்ஸில் எம்எஸ், பிஎச்டி என்று அப்ளை செய்பவர்களின் பயங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். அட்மிட் வருமா? ஃபண்டிங் வருமா? நாம் வருடக்கணக்கில் யோசித்து வைத்திருப்பதை வேறு யாராவது முந்திக்கொண்டு பேப்பராகப் போட்டுவிட்டால் என்ன செய்வது?

1936ஆம் ஆண்டு, 23 வயது ஆலன் டூரிங்குக்கு இந்த மூன்றாவது பயம் அப்படியே நடந்தது. கொஞ்ச நாளில் இரண்டாவதும் நடந்தது.

இன்று கணினித் துறையின் மிகப்பெரிய விருது அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் அவர் மேற்படிப்புக்குப் போனபோது கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஒரு துறையே எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது. அவர் வாங்கிய பிஎச்டி கணிதத்தில். அந்த இரண்டு ஆண்டுகளில் பிரின்ஸ்டனில் என்ன நடந்தது?

போத்தனூரில் பிறந்த அம்மா

டூரிங் 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தவர். ஆனால் குடும்பத்தின் வேர் நம் பக்கத்தில் ஆழமாகவே ஓடுகிறது. அப்பா ஜூலியஸ் டூரிங், மெட்ராஸ் மாகாணத்தில் ஐசிஎஸ் அதிகாரி. அம்மா எத்தல் சாரா ஸ்டோனி பிறந்தது கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில், 1881ல். அம்மாவின் அப்பா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். அண்ணன் ஜான் பிறந்தது குன்னூரில்.

பிள்ளைகளை இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு, பெற்றோர் இங்கும் அங்குமாக இருந்தார்கள். அன்றைய ஐசிஎஸ் குடும்பங்களில் இது சகஜம். அதனால் கடிதம் எழுதுவது என்பது அம்மாவுக்கும் மகனுக்கும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பிரின்ஸ்டன் நாட்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

முந்திக்கொண்ட பேப்பர்

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் 1934ல் டிகிரி முடித்தார். அடுத்த ஆண்டே, 22 வயதில், அதே கல்லூரியின் ஃபெல்லோ. வருடத்துக்கு 300 பவுண்ட், பெரிதாகக் கடமைகள் எதுவும் இல்லை. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஃபெல்லோஷிப்புக்காக அவர் எழுதிய ஆய்வின் மையத் தேற்றத்தை 1922லேயே லின்டபெர்க் என்ற கணிதவியலாளர் நிரூபித்துவிட்டிருந்தார். டூரிங்குக்கு அது தெரியாது. தானாகவே கண்டுபிடித்தார் என்பதால் கல்லூரி ஏற்றுக்கொண்டது.

1935ல் மேக்ஸ் நியூமன் என்ற ஆசிரியரின் வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்கிறார். ஜெர்மன் கணிதவியலாளர் ஹில்பர்ட் எழுப்பிய கேள்வி அது. ஒரு கணிதக் கூற்றைக் கொடுத்தால், அதை நிரூபிக்க முடியுமா முடியாதா என்று இயந்திரத்தனமாகச் சொல்லிவிடும் ஒரு பொதுவான வழிமுறை இருக்கிறதா? எல்லாரும் வழிமுறையைத் தேடிக்கொண்டிருக்க, டூரிங் அதற்கு ஒரு படி முன்னால் போய் நின்றார். வழிமுறை என்றால் முதலில் என்ன? அதற்கு விடையாக ஒரு கற்பனை இயந்திரத்தை வரைந்தார். கட்டம் கட்டமாகப் பிரிந்த ஒரு நீளமான டேப், அதில் ஒரு குறியைப் படித்து, அழித்து, எழுதி, ஒரு கட்டம் நகரும் ஒரு தலை. அவ்வளவுதான். இந்த எளிய இயந்திரத்தால் செய்ய முடியாத கணக்குகள் உண்டு என்று காட்டி, ஹில்பர்ட் கேட்ட வழிமுறை இருக்கவே முடியாது என்று முடித்தார். எந்த இயந்திரத்தின் விவரத்தைக் கொடுத்தாலும் அதைப்போல நடந்துகொள்ளும் ஒரே பொது இயந்திரமும் இந்தப் பேப்பரில்தான் வருகிறது. உங்கள் லேப்டாப் அதன் வாரிசு.

1936 ஏப்ரலில் கைப்பிரதியை நியூமனிடம் கொடுத்தார். அடுத்த மாதமே அமெரிக்காவிலிருந்து ஒரு பேப்பர் வந்து சேர்ந்தது. எழுதியவர் பிரின்ஸ்டனைச் சேர்ந்த அலோன்சோ சர்ச். அதே கேள்வி, அதே விடை. வழி மட்டும் வேறு. சர்ச் பயன்படுத்தியது லாம்ப்டா கால்குலஸ்.

இங்கே நியூமன் செய்ததைத்தான் நான் இந்தக் கதையின் திருப்பம் என்பேன். டூரிங்கின் வழி முற்றிலும் புதியது, ஆகவே பேப்பர் வெளிவர வேண்டும் என்று லண்டன் கணிதச் சங்கத்துக்கு எழுதினார். அன்றே, மே 31 அன்று, சர்ச்சுக்கும் எழுதினார். இந்தப் பையன் யாருடைய வழிகாட்டலும் இல்லாமல் தனியாக வேலை செய்கிறான், உங்களிடம் அனுப்புகிறேன் என்பது அதன் சாரம். முந்திக்கொண்டவரிடமே மாணவனாக அனுப்பிவிட்டார்!

300 பவுண்டில் ஒரு வருடம்

பிரின்ஸ்டனில் ப்ராக்டர் ஃபெல்லோஷிப் என்று ஒன்று இருந்தது. கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு இடம். டூரிங் விண்ணப்பித்தார், கிடைக்கல. ஆனாலும் கிளம்பினார். கையில் இருந்தது கிங்ஸ் கல்லூரியின் 300 பவுண்ட் மட்டும். 1936 செப்டம்பர் 23 அன்று சவுத்தாம்ப்டனிலிருந்து பெரங்கேரியா கப்பலில், ஆகக் குறைந்த கட்டண வகுப்பில் பயணம். கூடவே சந்தையில் வாங்கிய ஒரு பழைய செக்ஸ்டன்ட் கருவி, மரப்பெட்டியோடு.

போய் இறங்கிய இடம் சாதாரணமானது அல்ல. கணிதத் துறை இருந்த ஃபைன் ஹாலில் ஐன்ஸ்டைன், வான் நாய்மன், ஹெர்மன் வைல் என்று பெரிய பெயர்கள் நடமாடின. உயர் ஆய்வு நிறுவனமும் அப்போது அதே கட்டடத்தில்தான். ஆனால் தர்க்கவியலுக்குள் இருந்தவர்கள் ஒரு சின்ன வட்டம். டிசம்பரில் கணித மன்றத்தில் டூரிங் தன் பேப்பரைப் பற்றிப் பேசினார். கூட்டம் சொற்பம். பேப்பர் அச்சில் வந்த பிறகு அதன் பிரதி கேட்டு எழுதியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கிங்ஸ் கல்லூரிக்காரர், இன்னொருவர் ஜெர்மனியின் மன்ஸ்டர் நகரில் இருந்த ஹைன்ரிஷ் ஷோல்ஸ். நூற்றாண்டின் முக்கியமான பேப்பர்களில் ஒன்றுக்கு இதுதான் முதல் வரவேற்பு. சைட்டேஷன் எண்ணிக்கையைத் தினமும் பார்க்கிறவர்கள் இந்த வரியை மறுபடி ஒருமுறை படிக்கலாம்.

சர்ச் அந்தப் பேப்பருக்கு 1937ல் ஒரு மதிப்புரை எழுதினார். டூரிங் மெஷின் என்ற பெயர் முதலில் வந்தது அதில்தான். பெயர் வைத்தவர், போட்டியில் முந்தியவர். இது எத்தனை பேருக்கு மனசு வரும்?

படிப்பு தவிர்த்து ஹாக்கி ஆடினார், நண்பர்களோடு புதையல் வேட்டை விளையாட்டு. ஒரு பழைய ஃபோர்டு காரும் வாங்கினார். ஓட்டப் பழகும்போது ரிவர்ஸில் போய் கார்னகி ஏரிக்குள் இறங்காத குறை.

தீசிஸில் என்ன இருந்தது?

1937 கோடையில் ஊருக்குப் போய் வந்தபோது நிலைமை மாறியிருந்தது. இந்த முறை ப்ராக்டர் ஃபெல்லோஷிப் கிடைத்தது, 2,000 டாலர். சிபாரிசுக் கடிதம் எழுதியவர் வான் நாய்மன். அதில் டூரிங் மெஷின் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேறு கணிதப் பிரிவுகளில் செய்த வேலையைத்தான் பாராட்டியிருந்தார்.

தீசிஸின் விஷயம் கடினமானது, சுருக்கமாகப் பார்ப்போம். எண்கணிதத்தை உள்ளடக்கிய எந்த முரணற்ற விதித்தொகுப்பிலும் நிரூபிக்க முடியாத உண்மைகள் இருக்கும் என்று 1931ல் குர்ட் கோடல் காட்டியிருந்தார். சரி, அந்த உண்மையையே புது விதியாகச் சேர்த்துவிட்டால்? புதுத் தொகுப்பிலும் ஒரு ஓட்டை இருக்கும். அதையும் சேர்த்தால்? இப்படி முடிவிலி வரைக்கும், அதையும் தாண்டியும் அடுக்கிக்கொண்டே போனால் முழுமை கிடைக்குமா என்பதுதான் டூரிங்கின் ஆய்வு. ஓரளவு கிடைக்கும், ஆனால் எப்படி அடுக்குவது என்று தேர்ந்தெடுப்பதை இயந்திரத்திடம் விட முடியாது என்பது அவர் கண்டது.

அதில் போகிறபோக்கில் சொன்ன ஒரு யோசனைதான் பிற்காலத்தில் அதிகம் பயன்பட்டது. சாதாரண இயந்திரத்தால் தீர்க்க முடியாத ஒரு கேள்விக்கு விடை சொல்லும் ஒரு பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்கக் கூடாது. கேட்டால் விடை தரும், அவ்வளவே. அதற்கு அவர் வைத்த பெயர் ஆரக்கிள், அதாவது குறி சொல்லும் சாமி. அந்தப் பெட்டி கையில் இருந்தால் வேறு எதையெல்லாம் தீர்க்கலாம்? தியரி ஆஃப் கம்ப்யூடேஷன் பாடத்தில் ஒரு பிரச்சினையை இன்னொன்றாக மாற்றிக் காட்டும் ரிடக்‌ஷனோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது பழகிய வாசனை. 1944ல் எமில் போஸ்ட் இதை வளர்த்தெடுத்தார். 1971ல் ஸ்டீஃபன் குக், என்பி-கம்ப்ளீட் என்ற கருத்துக்கு வித்திட்டபோது பயன்படுத்தியதும் இதே வகை இயந்திரம்தான்.

தீசிஸ் எழுதுவது சுகமாக இல்லை. சர்ச் எதிலும் துல்லியம் பார்ப்பவர். அவர் சொன்ன யோசனைகளால் தீசிஸ் நீண்டுகொண்டே போனது. கைடின் கமென்ட் வந்து மறுபடி எழுதுவது அன்றைக்கும் இருந்திருக்கு. 1938 மே 31 அன்று வாய்மொழித் தேர்வு, ஜூனில் பட்டம்.

பட்டறைச் சாவி

தீசிஸுக்கு நடுவே அவர் செய்த இன்னொரு வேலைக்கு மதிப்பெண் எதுவும் இல்லை. ஜெர்மனியோடு போர் வரும் என்ற கவலை அவருக்கு 1937லேயே வந்துவிட்டது. ரகசியச் செய்தியை எண்ணாக்கி, இன்னொரு நீண்ட ரகசிய எண்ணால் பெருக்கி அனுப்பினால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். பெருக்குவதற்கு ஒரு மின் கருவி வேண்டும். இயற்பியல் துறை நண்பர் ஒருவர் பட்டறைச் சாவியைக் கொடுக்க, அங்கே உட்கார்ந்து ரிலே சுருள்களைத் தானே சுற்றி, கருவியின் முதல் சில பகுதிகளைச் செய்து முடித்தார். கணித மாணவர் ஒருவர் பட்டறையில் கம்பி சுற்றுவது அங்கே வழக்கமான காட்சி இல்லை.

அதே 1937ல் எம்ஐடியில் கிளாட் ஷானன் என்ற மாணவர், ரிலே சுற்றுகளைப் பூலியன் அல்ஜீப்ராவால் விளக்கி மாஸ்டர்ஸ் தீசிஸ் எழுதிக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் தெரியாது. சந்தித்தது 1943ல், நியூயார்க்கின் பெல் ஆய்வகத்தில்.

தங்கலாமா, திரும்பலாமா?

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை எடுத்துக்கொண்டார். போர் வருவதற்குள் அமெரிக்காவிலேயே ஒரு வேலையைப் பார்த்துக்கொள் என்பது அப்பாவின் யோசனை. வேலையும் வந்தது. வான் நாய்மன் தன் உதவியாளராக இருக்கச் சொல்லி ஆண்டுக்கு 1,500 டாலர் தருவதாகக் கேட்டார். கிங்ஸ் கல்லூரியின் 300 பவுண்டும் அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய அதே தொகைதான். ஆக இது சம்பளக் கணக்கு இல்லை.

அவர் திரும்பினார். பாதி செய்த பெருக்கல் கருவியைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு, ஜூலையில் சவுத்தாம்ப்டனில் இறங்கினார். அந்தக் கோடையிலேயே அரசின் சங்கேதத் துறையில் பயிற்சி. 1939 செப்டம்பர் 4, பிரிட்டன் போர் அறிவித்த மறுநாள், பிளெட்ச்லி பார்க்கில் ஆஜர். போலந்து கணிதவியலாளர்கள் தொடங்கி வைத்த எனிக்மா வேலையை எடுத்து, பாம்ப் என்ற இயந்திரத்தை வடிவமைத்தார். கடற்படை எனிக்மாவை உடைத்த ஹட் 8 குழுவுக்குத் தலைவரானார். பிரின்ஸ்டன் நண்பர் ஷான் வைலி பிறகு அதே குழுவில் சேர்ந்தார். நியூமனும் பிளெட்ச்லிக்கு வந்தார்.

போருக்குப் பிறகு உண்மையான கணினியை வடிவமைத்ததும், மான்செஸ்டர் வேலையும், இயந்திரம் சிந்திக்குமா என்ற 1950ஆம் ஆண்டுக் கட்டுரையும் பலருக்குத் தெரிந்தவை. 1952ல் ஓரினச்சேர்க்கைக்காக நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. சிறைக்குப் பதில் ஓராண்டு ஹார்மோன் சிகிச்சை. சங்கேத வேலைக்கான அனுமதியும் போனது. 1954 ஜூன் 7 அன்று சயனைடால் இறந்தார். 41 வயது. விசாரணை தற்கொலை என்றது, அம்மா விபத்து என்றே நம்பினார். பிரிட்டன் அரசு மன்னிப்புக் கேட்டது 2009ல், அரச மன்னிப்பு வந்தது 2013ல்.

அவருடைய முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் போத்தனூரில் பிறந்த அந்த அம்மாதான். 1959ல் வெளியானபோது அவருக்கு 77 வயது. போர்க்காலத்தில் மகன் என்ன செய்தார் என்பது ரகசியமாகவே இருந்ததால், அந்த ஆண்டுகளைப் பற்றி அவரால் அதிகம் எழுத முடியவில்லை. பிரின்ஸ்டன் பற்றி எழுத முடிந்தது. மகன் அங்கிருந்து போட்ட கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார்.