பகலை மிச்சம் பிடித்தவர்

லண்டனில் வில்லியம் வில்லட் என்றொருவர் இருந்தார். 1856-ல் பிறந்தவர், வீடு கட்டுவது தொழில். விடியற்காலையில் குதிரைச் சவாரி போவார். கோடையில் அங்கே சீக்கிரமே விடிந்துவிடும், ஊரோ உறங்கும். இத்தனை வெளிச்சமும் வீணாகிறதே என்று அவர் மனம் பதைத்தது.

கோடையில் கடிகாரத்தை 80 நிமிடம் முன்னே தள்ளி வைக்கலாம் என்று 1907-ல் சொந்தச் செலவில் சிறு பிரசுரம் வெளியிட்டார். பார்லிமெண்டில் மசோதா வந்தது, தோற்றது. பலர் சிரித்தனர். மனிதர் சளைக்கவில்லை. 1915-ல் காலமானார்.

மறு ஆண்டே, யுத்த காலத்தில் நிலக்கரியை மிச்சப்படுத்த, ஜெர்மனியும் பிரிட்டனும் கடிகாரத்தை ஒரு மணி தள்ளி வைத்தன! அடுத்த யுத்தத்தில், 1942 முதல் 1945 வரை, இந்தியாவும் அப்படியே செய்தது. வடலூர்க் கடிகாரங்களும் ஒரு மணி முந்தியே அடித்தன.

இன்று கம்ப்யூட்டருக்குத்தான் தலைவலி. பிரிட்டனில் மார்ச் மாதம் ஓர் இரவில் 1 மணி அடிக்கவேண்டிய நேரத்தில் 2 மணி ஆகிவிடும். அக்டோபரில் அந்த ஒரு மணி நேரம் இரண்டு தடவை வரும். ஆகவே கம்ப்யூட்டர் உலகப் பொது நேரத்தில் கணக்கு வைத்துக்கொண்டு, ஊருக்கேற்ற மணியைக் காட்டும்போது மட்டும் மாற்றுகிறது.

பெட்ஸ் உட் சோலையில் வில்லட் நினைவாக ஒரு சூரியக் கடிகாரம் நிற்கிறது. அது காட்டுவது எப்போதும் கோடை மணியே!